பட்டுக்கை

கையுறை போட்டுக்கொண்டுதான் கவுனைத் தொடுவார். விரல் விரலாக மாட்டி, ஏதோ ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி நடப்பார். கடையில் தைக்கிற பெண்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பட்டுக்கை. ஊசி குத்திய தழும்பு ஒன்றுகூட அந்தக் கையில் கிடையாது. ஊசியைத் தொட்டால்தானே!

பெரிய இடத்துக் கல்யாணங்களுக்கு, ஆளுக்கு அளவெடுத்து, ஒன்று மாதிரி இன்னொன்று இல்லாமல் கவுன் தைத்துக் கொடுக்கும் கடை அது. இவர் முதலாளி. மணப்பெண் வந்து உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். "துணி என்கிட்ட பேசும் மேடம். நான் காது குடுக்கிறேன், அவ்வளவுதான்" என்பார். கீழே இஸ்திரி போடுகிற எனக்குத் துணி பேசி இதுவரை கேட்டதில்லை. மாடியில் பெண்கள் முதுகுவலியில் முனகுவதுதான் கேட்கும்.

கவுனைக் குறை சொன்னால் என் வாய்தான் அழுகும். போன வாரம் முடித்த வெள்ளைக் கவுன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்குமுன் சூட்டை என் சட்டையில் இரண்டு தடவை சோதித்துப் பார்த்தேன். உள்ளே வடிவம் குலையாமல் பிடிக்க வளைகம்பி, அதன்மேல் அடுக்கடுக்காகப் பட்டு, அதற்கும் மேலே கடுகளவு முத்துகள். வெளிச்சம் பட்டால் பால் பொங்கி வழிகிற மாதிரி இருக்கும். தையலைத் தேடினால் கண்தான் வலிக்கும். அத்தனையும் ஒருத்தியின் கைவேலை. கடையில் எல்லோருக்கும் அவள் அக்கா.

கடைசி முத்தைத் தைக்கையில் அக்காவின் விரலில் ஊசி ஏறி, மார்புப் பக்கம் ஒரு சொட்டு ரத்தம் விழுந்துவிட்டது. பட்டுக்கை வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "என் பேரையே நாறடிச்சிட்டியே! கிளம்பு, இனிமே இந்தப் பக்கம் வராதே!" அக்கா தன் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

தண்ணீர் வைத்தால் பட்டில் வளையம் விழும். எச்சில் ரத்தக்கறையை எடுக்கும் என்று பட்டுக்கை எங்கோ கேட்டிருக்கிறார். தானே துப்பித் தேய்த்துப் பார்த்தார். ரத்தப் பொட்டு அசையவில்லை. "ரத்தம் யாருதோ, எச்சிலும் அவங்களுதா இருக்கணும் சார்" என்றாள் ஒரு பெண், சந்தோஷத்தை மறைக்காமல். மணப்பெண் சாயங்காலம் வருகிறாள்.

கவுனை ஏந்திக்கொண்டு அவர் முன்னே, அதன் வாலைத் தூக்கிக்கொண்டு நான் பின்னே, அக்கா குடியிருக்கும் மாடிக்கு ஏறினோம். கதவைத் திறந்த அவள் புருஷன் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "உங்க ரெண்டு பேருல கல்யாணப் பொண்ணு யாரு?"

பட்டுக்கை அதைக் காதில் வாங்கவில்லை. "கொஞ்சம் துப்பும்மா" என்றார், பின்னால் வந்து நின்ற அக்காவிடம்.

"எங்க துப்பணும்?" என்றாள் அக்கா, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு. புருஷன் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பொட்டுலதாம்மா."

"எடுத்துட்டா நாளைக்கு வேலைக்கு வரலாமா?"

"மொதல்ல இது போகட்டும். மத்ததை அப்புறம் பேசலாம்."

அக்கா கவுனைப் பார்த்தாள். தான் தைத்ததைக் கறையோடு விட மனசு வரவில்லை போலும். வெள்ளை நூலை வாயில் போட்டு மென்று, உருண்டையாக்கி, ஒற்றி ஒற்றி எடுத்தாள். பொட்டு போன இடம் தெரியவில்லை.

"வேலை?" என்றாள்.

பட்டுக்கை மேசைமேல் கிடந்த நூல்கண்டிலிருந்து இன்னும் கொஞ்சம் பிய்த்து அவளிடம் நீட்டினார். "போற வழியில மறுபடி தெரிஞ்சா என்ன பண்றது? இதையும் மென்னு குடும்மா."

பிறகு ஒரு கையுறையைக் கழற்றி, அதன் வாயை அவள் வாய்க்குக் கீழே விரித்துப் பிடித்தார்.