டிவிடி போட இடமில்லாத லப்டொப்

இன்று மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா மூன்று டிவிடிகளுடன் வந்தார். போன மாதம் கோப்பாயில் நடந்த அவருடைய மகளின் கல்யாண வீடியோ.

"எங்கடை பிளேயர் பழுது தம்பி. உங்கடை லப்டொப்பிலை போடுங்கோ. நீங்கள் எங்கை நிக்கிறியள் எண்டும் பாப்பம். வந்தனீங்கள் எல்லோ?"

"ஓம் அக்கா, வந்தனான். ஆனா இந்தச் சின்ன லப்டொப்பிலை டிவிடி போட இடமில்லை."

அதை வாங்கியதற்காக இன்றுதான் உண்மையாகச் சந்தோஷப்பட்டேன்.

அக்கா பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். வயரால் கொழுவிவிட்டால் எந்த லப்டொப்பிலும் டிவிடி ஓடுமாம்.

"மருமகனும் இடமில்லை எண்டுதான் சொன்னவர். அவரிட்டை இந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

இப்போது இரண்டாவது டிவிடி ஓடுகிறது. தாலி கட்டியாயிற்று, பந்தி தொடங்கிவிட்டது. முதுகு காட்டி நிற்கும் ஒவ்வொருவரையும் தொட்டுக் காட்டி, "உது நீங்களோ தம்பி?" என்று அக்கா ஆசையாகக் கேட்கிறார். தேத்தண்ணி போடப் போகிறேன் என்று குசினிக்குள் வந்து நின்று இதை எழுதுகிறேன்.

நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவே இல்லை.

போனவர்கள் யாராவது கமராவுக்கு முதுகு காட்டி நின்றிருந்தால், போட்டிருந்த சேட்டின் நிறத்தை உடனே கீழே எழுதுங்கள். மூன்றாவது டிவிடியில் அது நான்.