நாலாவது குழாய்த் தண்ணீர்

கட்டட அஸ்திவாரத்துக்கு பைல் அடிக்கிற மிஷின் போன வாரம் பூமிக்குள்ளிருந்து ஒரு அள்ளு களிமண்ணைக் கொண்டுவந்து என் பூட்ஸ் பக்கத்தில் போட்டது. நீலமும் கறுப்புமாக, வழவழவென்று, செத்த நத்தையும் ஈரச் சாக்கும் கலந்த வாடையோடு. பக்கத்தில் நின்ற பங்களாதேஷ்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டான். நான் மட்டும் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்துகொண்டிருந்தேன். சூப்பர்வைசர் தன் தலையைத் தட்டிக் காட்டினான், உனக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. எங்கள் ஊரில் இந்த வாடை வந்தால் வேலையை நிறுத்தவேண்டும் என்று அவனுக்கு எந்த பாஷையில் சொல்வது? இங்கே இது வந்தால் இன்னும் வேகமாகத் தோண்டச் சொல்கிறார்கள்.

நீங்கள் சிங்கப்பூர் பார்த்ததில்லை என்றால் வருத்தப்படாதீர்கள். வந்து இத்தனை வருஷமாகியும் நான் பார்த்தது அதன் அடிப்பக்கத்தைத்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த ஆள் நான். மண்ணுக்குள்ளேதான் எனக்குப் பிழைப்பு என்று அப்போதே எழுதியிருந்தது போல.

முதல் பிழைப்பு கைபோர், அதாவது கையாலேயே ஆழ்குழாய்க் கிணறு இறக்குகிற வேலை. மூன்று கம்பைக் கட்டி முக்காலி போல நிறுத்தி, நடுவில் ஒரு இரும்புக் குழாய். கீழே இரண்டு பேர் இன்னொரு கம்பை நெம்புகோல் மாதிரி அழுத்தி அழுத்திக் குழாயைத் தூக்கிப் போடுவார்கள். மேலே ஒருத்தன் உட்கார்ந்து குழாய் வாயை உள்ளங்கையால் பொத்தவேண்டும், இறங்கும்போது திறக்கவேண்டும். திறந்தால் பூமிக்குள் இருக்கிற சேறெல்லாம் அவன் முகத்தில் பீய்ச்சும். அந்த ஒருத்தன் நான்தான். பொத்திப் பொத்தி என் கையில் ரேகையெல்லாம் அழிந்துபோய், ஒருமுறை வேளாங்கண்ணித் திருவிழாவில் கைரேகை பார்த்தவர், தம்பி நீ இன்னும் பிறக்கவே இல்லையே என்றார்.

உள்ளங்கையால் பிழைத்தவர் இன்னொருத்தரும் இருந்தார். திருப்பனந்தாள் பக்கம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். நீரோட்டம் பார்ப்பார். முழுத்தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு வயலில் நடப்பார்; கீழே தண்ணீர் இருந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். நின்றதும் "ஹோல்டான்" என்பார். பழக்கதோஷம். எல்லோரும் நின்றுவிடுவோம். நான் ஒருமுறை பின்னாலிருந்து "ரைட், போலாம்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் தேங்காய் படுத்துவிட்டது.

அவரை அழைத்து வந்தது எங்கள் ஊர் விவசாயி கோவிந்தராசு அண்ணன். இடம் பிலோமி அக்காவின் வயல். நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகிற சாலையில் இறங்கிக் கடல் பக்கமாக உள்ளே போனால் வருகிற ஊர் எங்களுடையது. சுத்தமான கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் வழியில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுக் கடைசியாக எங்களிடம் வரும். அந்த வருஷம் வரவே இல்லை. சம்பா தொண்டைக்கதிராக நின்றது. இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் இருந்தால் கதிர் வெளியே வரும், இல்லையென்றால் அப்படியே உள்ளே கருகும். நுனி ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டது. அக்கா தினமும் ஒரு தூரைப் பிடுங்கி, பிளந்து பார்த்து, வரப்பில் போட்டுவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர் சூசை அண்ணன் குவைத்தில் இருந்தார். இந்த போர் அமைந்து பயிர் பிழைத்தால், ஒப்பந்தம் முடிந்ததும் வந்து விவசாயத்தையே பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பயிர் போனால் மறுபடி கையெழுத்துப் போட்டு அங்கேயே இருந்துவிடுவார். ஆக அக்காவுக்கு அந்தக் குழாயில் தண்ணீர் மட்டும் வரவேண்டியிருக்கவில்லை, புருஷனும் வரவேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்துப் பூமியைப் பற்றி ஒரு வார்த்தை. அது மாடி வீடு மாதிரி. மேலே ஒரு மணல், அதில் நல்ல தண்ணீர். அடியில் ஒரு மணல், அதில் கடல் காலத்து உப்புத் தண்ணீர். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் தளம் மாதிரி இருப்பது நீலக்களி; அதைத் துளைத்துவிட்டால் உப்பு மேலே ஏறிவிடும். அந்த மேல்மணலும் எல்லா இடத்திலும் கிடையாது. பழைய ஆறோ வாய்க்காலோ புதைந்து கிடக்கிற இடத்தில்தான். எங்கே குத்துவது என்பதுதான் சண்டை.

தேங்காய் கூடாது என்றவர் அருள் அண்ணன், அக்காவின் கொழுந்தனார். துபாயில் கட்டட வேலை பார்த்துவிட்டு விசாவுக்குக் காத்திருந்தவர். ஊருக்குத் திரும்பியதிலிருந்து எதையும் நம்புவதில்லை. மளிகைக்கடைத் தராசைக்கூட நம்பமாட்டார்.

"டெல்டாவுல எங்க குத்துனாலும் தண்ணி வரும். இதுக்கு எதுக்குங்க தேங்கா? சட்னிக்காவது ஆவும்" என்றார்.

"தண்ணி வரும் தம்பி. எந்தத் தண்ணி?" என்றார் கோவிந்தராசு அண்ணன். அவர் போரும் இதே கண்டக்டர் சொன்ன இடத்தில்தான் போட்டது, இளநீர் மாதிரி இருக்கிறது என்பது அவர் கட்சி. நாணல் முளைத்துக் கிடக்கிற பழைய வாய்க்கால் தடத்தில் போய் நின்றுகொண்டால் தேங்காய் மட்டுமா, பூசணிக்காயும் நிற்கும் என்பது அருள் அண்ணன் கட்சி.

சொன்ன மாதிரியே தேங்காய் நாணல் பக்கத்தில்தான் நின்றது. கண்ணால் பார்த்துத்தானே நிறுத்தினார், கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்லுங்கள் என்றார் அருள் அண்ணன். கோவிந்தராசு அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. கண்டக்டர் மட்டும் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பத்திரப்படுத்திவிட்டு, கட்டுங்க என்றார். கட்ட என் துண்டைத்தான் கேட்டார்கள். அந்தத் துண்டில் இருந்த வாடைக்கு அவர் ஒத்துக்கொண்டதே பெரிய விசுவாசம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கண் தெரியாமல் வரப்பில் இடறி, இடறி நடந்தார். தேங்காய் நின்றது. முதல் இடத்திலிருந்து ஒரு வீட்டு நீளம் தள்ளி.

அருள் அண்ணன் கை தட்டினார். கண்டக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இது வேறு ஓட்டம், கிளை என்றார். ஒரே பஸ்ஸுக்கு இரண்டு ரூட் சொல்கிறார் பாருங்கள் என்று நான் வாயைத் திறப்பதற்குள் கோவிந்தராசு அண்ணன் அருள் அண்ணன் சட்டையைப் பிடித்துவிட்டார். அக்காதான் நடுவில் வந்து நின்றார். முதலில் சொன்ன இடத்திலேயே போடுங்கள், எனக்குப் பேச நேரமில்லை, பயிருக்கும் இல்லை என்றார். கண்டக்டர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: ஆறாவது குழாயில் நல்ல தண்ணீர். ஒன்றின்மேல் ஒன்றாகக் குழாயை மாட்டி இறக்குவதால், ஆழத்துக்குக் குழாய்தான் எங்கள் கணக்கு.

எங்கள் கைபோர் ஆட்களுக்குத் தலைவரான கலியபெருமாள் மேஸ்திரி முக்காலியை நட்டார். ஓட்டை சரியாமலிருக்கச் சாணியைக் கரைத்துக் குழியில் ஊற்றினோம். முதல் குழாய் களி, இரண்டாவது களி, மூன்றாவதில் களியும் மணலுமாகச் சேறு. ஒவ்வொரு முறை கையைத் திறக்கும்போதும் எல்லோரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அத்தனை பேர் என் மூஞ்சியை அவ்வளவு ஆவலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நாலாவது குழாயில் சேறு வெளுத்தது. சர்க்கரை மாதிரி வெள்ளை மணல்.

மேஸ்திரி நிறுத்தச் சொல்லி, அடிபம்புத் தலையைக் குழாயில் மாட்டினார். அப்படி அடித்து, கலங்கல் போனபிறகு குடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். நிலத்துக்காரர்தான் முதலில் குடிக்கவேண்டும். அக்கா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கையை ஏந்தினார். குடித்தார். இன்னொரு கை ஏந்தினார், அதையும் குடித்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டார். கழுவினாரா, அழுததை மறைத்தாரா, எனக்குத் தெரியாது.

"போதும் மேஸ்திரி. இதுலயே ஃபில்டர் போட்ருங்க. நான் டீ போட்டுக் கொண்டாறேன்" என்று வேகவேகமாக வீட்டுப் பக்கம் போனார். ஃபில்டர் என்பது தண்ணீரை மட்டும் உள்ளே விடுகிற சல்லடைக் குழாய்; அதை அந்த மணலில் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது.

அதோடு முடிந்திருக்கவேண்டும். நண்பரே, இந்த இடத்தில் நான் கதையை நிறுத்திவிட்டால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

அருள் அண்ணன் ஆரம்பித்தார். ஆறாவது குழாய் என்றார், நாலாவதில் வந்துவிட்டது, ஆக தேங்காய் தோற்றது. கண்டக்டர், இது மேல்தண்ணீர், இதை யார் வேண்டுமானாலும் சொல்லுவார்கள், நான் சொன்னது கீழே இருக்கிறது என்றார். கோவிந்தராசு அண்ணன், போட்டுத்தான் பாருங்களேன் என்றார். அருள் அண்ணனும், போடுங்க, வெறும் களிதான் வரும், ஊரே பார்க்கட்டும் என்றார். காலையிலிருந்து ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாத இரண்டு பேரும் இதில் மட்டும் ஒரே கட்சியாகிவிட்டார்கள்.

அக்கா வரட்டும் என்றார் மேஸ்திரி.

"அண்ணிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க எறக்குங்க" என்றார் அருள் அண்ணன்.

குடிக்கிற தண்ணீரைத் தாண்டிப் போய் எதைத் தேடப் போகிறீர்கள், கோடியக்கரை உப்பளத்தையா என்றேன். சிரித்தார்கள். தமாஷ் செய்கிறவனுக்கு இது ஒரு சாபம். அவன் நிஜத்தைச் சொன்னாலும் முதலில் சிரித்து முடிப்பார்கள். பிறகு குழாயைத் தூக்கிப் போட ஆரம்பித்தார்கள், என் கை தானாகப் பொத்தியது.

ஐந்தாவது குழாயில் அந்த வாடை வந்தது. நீலக்களி. கம்பு அழுத்துகிற கிறீச் சத்தம் மட்டும். அருள் அண்ணன் முகத்தில் சிரிப்பு ஏறிக்கொண்டே வந்தது, கோவிந்தராசு அண்ணன் முகத்தில் வேர்வை. களி முழுக்கக் களியாகவே இருந்திருந்தால் தப்பித்திருப்போம். ஆறாவது குழாய் பாதி இறங்கியபோது திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. என் கைக்கு அடியில் சேறு குதித்தது. கறுப்பு மணல். உடைந்த கிளிஞ்சல்.

பம்புத் தலையை மாட்டி அடித்தோம். பொங்கிக்கொண்டு வந்தது. "ஆறாவது குழாய். தண்ணி. பாத்துக்கங்க" என்றார் கண்டக்டர். அருள் அண்ணன் ஒரு கை வாங்கி வாயில் வைத்தார். துப்பினார்.

அப்போதுதான் அக்கா வரப்பில் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் டீத் தூக்கு, இன்னொரு கையில் டம்ளர்கள். தூரத்திலிருந்தே சிரித்த முகம். டீயை அடுப்பில் வைத்துவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, குவைத்துக்குப் போன் போட்டுவிட்டு வந்திருக்கிறார். "நல்ல தண்ணி வந்துடுச்சின்னு சொல்லிட்டேன். அவரு இந்தத் தடவ வந்து இங்கயே இருந்துடறேன்னுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், குழாயைப் பார்த்தார். மீதிக் குழாய்கள் கிடந்த இடத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

தூக்கைக் கீழே வைத்தார். தானே பம்பை அடித்து, தானே கையேந்தினார். துப்பவில்லை, விழுங்கினார். ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"யாரு ஜெயிச்சீங்க?"

 

அவர் உட்கார்ந்து அழவில்லை. காலையில் வெளியே வந்த களிமண்ணை அள்ளிவரச் சொல்லி, முந்தானையைச் செருகிக்கொண்டு வைக்கோலோடு மிதிக்க ஆரம்பித்தார். குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவவேண்டும், உருவ உருவக் களியுருண்டையை உள்ளே போட்டு ஓட்டையை அடைக்கவேண்டும், பிறகு மேல்மணலில் ஃபில்டரை நிறுத்தவேண்டும். எல்லோரும் உருண்டை பிடித்தோம். கண்டக்டர் கடிகாரத்தைக் கழற்றிவிட்டுப் பிடித்தார். அருள் அண்ணனும் கோவிந்தராசு அண்ணனும் முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு பிடித்தார்கள். உருண்டை விழுகிற தொப் தொப் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

பொழுது சாயும்போது டீசல் என்ஜினை ஓட்டினோம். அக்கா குடித்துப் பார்த்துத் தலையாட்டினார். நல்ல தண்ணீர். எனக்குத் தாவிக் குதிக்கவேண்டும் போல இருந்தது, ஆனால் மேஸ்திரி என்னைப் பார்க்கவே இல்லை, குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் வந்தது. அக்காவின் வயல்களில் போரை ஒட்டியிருந்தது கதிர் வாங்கியது. என்ஜின் ஓட ஓட, கீழ்வீட்டுக் குடும்பம் மெதுவாகப் படியேறியிருக்கிறது. கடைசி வயலுக்குத் தண்ணீர் போன நேரத்தில் உப்பு ஏறிவிட்டது. கதிர் வந்தது, உள்ளே பால் பிடிக்கவில்லை. பதர். சூசை அண்ணன் குவைத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு அவர் லீவுக்கு வருகிறவராகவே ஆகிவிட்டார்.

கட்சிகள் மட்டும் அப்படியே இருந்தன. ஆறாவது குழாயில் தண்ணீர் என்றார், வந்ததா இல்லையா என்பார் கோவிந்தராசு அண்ணன். நல்ல தண்ணீர் என்றார், வந்ததா இல்லையா என்பார் அருள் அண்ணன். ஒரே போரை இரண்டு பேரும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அருள் அண்ணன் இப்போது மறுபடி துபாய். அங்கிருந்து கோவிந்தராசு அண்ணன் மகனோடு வாட்ஸப்பில் சண்டை. தேங்காய் நிற்கிற வீடியோவை இவன் அனுப்புவான், அது பிராடு என்று அவர் ஒன்று அனுப்புவார்.

போன லீவில் போனபோது அந்த வயல்கள் இறால் குட்டையாக இருந்தன. கரையில் ஒருத்தர் தேங்காயோடு நடந்துகொண்டிருந்தார். பண்ணைக்காரர்கள் கூட்டி வந்தவர். எதற்கு என்று கேட்டேன். நல்ல உப்புத் தண்ணீர் கிடைக்கிற இடம் பார்க்கவாம். பக்கத்தில் நாலு பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நம்புகிறேன் என்று சொல்லவும் ஆளில்லை, கண்ணைக் கட்டு என்று கேட்கவும் ஆளில்லை. எங்கே குத்தினாலும் உப்பு வருகிற ஊரில் தேங்காய்க்கு ஏது தோல்வி?

பிலோமி அக்கா வாசலில் தண்ணீர் கேன் வண்டிக்குக் காத்திருந்தார். எஸ்.டி.டி. பூத் இருந்த இடத்தில் அந்தக் கேன்களைத்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வண்டி வந்ததும் மூடியைத் திறந்து, ஒரு கை ஏந்தி, குடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்தார். என் பழைய வாய் சும்மா இருக்குமா? இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன், தேங்காய் நிஜமா, பொய்யா அக்கா என்று.

"நாலாவது கொழா நெசம்டா" என்றார்.

இப்போது அந்த மணலிலும் உப்புதான்.