பிறிஜெற் மிஸ்ஸின் வாசகர்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மாநகர சபை நடத்திய வாசிகசாலையில் நான் முந்நூற்றுப் பதினேழாம் இலக்க அங்கத்தவன். சேர்ந்து இரண்டு வருடமாகியும் ஒரு புத்தகம்கூட எடுத்ததில்லை. என்னைத் திட்டுவதற்கு முன் மற்ற நானூறு பேரையும் விசாரித்துப் பாருங்கள். அவர்களும் எடுத்ததில்லை.

நாங்கள் எல்லோரும் லொட்ஜ்காரர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசாவுக்கோ வேலைக்கோ காத்துக் கிடந்தவர்கள். அது 1998. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைக் கண்டதும் சோதனைச் சாவடிப் பொலிஸ்காரன் கேட்கும் முதல் கேள்வி, கொழும்பில் உனக்கு என்ன வேலை என்பதுதான். பொலிஸ் பதிவுத் துண்டை நீட்டினாலும் அதே கேள்வி. அதற்கு எங்களிடம் இருந்த ஒரே மரியாதையான பதில் அந்த வாசிகசாலையின் மஞ்சள் அட்டை. சிங்களத்தில் அச்சடித்து, கொழும்பு விலாசம் எழுதி, சபையின் ஊதா முத்திரை குத்திய அட்டை. "பொத் கியவனவாத?" என்று கேட்பான். ஓம், புத்தகம் வாசிக்கிறவன்தான் என்று தலையை ஆட்டினால் அநேகமாக விட்டுவிடுவான்.

அந்த முத்திரையைக் குத்தியவர் பிறிஜெற் மிஸ். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். முழங்காலுக்குக் கீழே இறங்கிய கவுண், கையில் பெட்டிமாதிரி ஒரு பை. யன்னலில் காகம் கரைந்தால் அதையும் "ஷ்ஷ்" என்று அடக்குவார். அங்கத்தவராகச் சேர அந்த வட்டாரத்தில் சபைக்கு வரி கட்டும் ஒருவர் பிணைக் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. எங்களுக்கு அங்கே யாரைத் தெரியும்? மிஸ்ஸே போட்டார். நானூறு பேருக்கும் ஒரே பிணையாளி. அதில் ஒருத்தன் எங்காவது பிடிபட்டு ஏதாவது வில்லங்கமானால் பொலிஸ் முதலில் தட்டப்போவது அவருடைய கதவைத்தான். இது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

இந்த நேரத்தில்தான் சபைக்குச் சிக்கனம் பிடித்தது. வரவு செலவுத் திட்டத்தில் வெட்டு விழுந்தது. முதலில் தமிழ்ப் பத்திரிகைகளை நிறுத்தினார்கள். பிறகு காவற்காரனை. பிறகு மின்விசிறி பழுதானபோது திருத்த மாட்டோம் என்றார்கள். கக்கூஸ் கழுவ வருகிறவளும் நின்றுபோக, மிஸ்ஸே வாளியோடு போனார். மேயருக்குப் புது வாகனம் வந்தது அதே வருடம் என்று சனம் கதைத்தது. நான் பார்க்கவில்லை, ஆனால் நம்பினேன்.

செப்ரெம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாதம் நூறு புத்தகமாவது இரவல் போகாத வாசிகசாலைகளை வருட முடிவில் மூடிவிடுவார்களாம். எங்கள் வாசிகசாலையில் போனது பதினொன்று. அதில் ஒன்பது மிஸ் தானே எடுத்து வாசித்தவை.

அவர் மேசையில் ஒரு மட்டையை நிறுத்தி வைத்தார். இரண்டு புத்தகம் எடுக்காதவருக்கு அட்டை புதுப்பிக்கப்பட மாட்டாது.

"மிஸ், எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தமிழ்ப் புத்தகமெல்லாம் முடிஞ்சுது" என்று முறையிட்டார் என் அறைத்தோழர் சிவபாதசுந்தரம். இளைப்பாறிய தபால்கந்தோர்க்காரர்.

"தூக்கத் தெரியுந்தானே? தூக்கிட்டுப் போங்க."

அவருக்குக் கிடைத்தது இரண்டு தடித்த சிங்களச் சரித்திரம். அவருக்கு முன்னால் நின்ற எனக்கு, கடைசியாக மிஞ்சிய தமிழ்ப் புத்தகமான மாட்டு வைத்தியமும் ஒரு தையற் புத்தகமும்.

அடுத்தநாள் சாவடியில் சிவபாதசுந்தரத்தை மறித்த பொலிஸ்காரன், கக்கத்தில் இருந்த சிங்களப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "யண்ட மாத்தயா" என்று வழி விட்டானாம். மனுஷனை அதுவரை கொழும்பில் ஒருவரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. அன்றிலிருந்து புத்தகமில்லாமல் தேத்தண்ணீர்க் கடைக்குக்கூடப் போகமாட்டார். கதை லொட்ஜ் லொட்ஜாகப் பரவியது. அட்டையைவிடப் புத்தகம் திறம் என்று முடிவாகியது. வெள்ளவத்தையில் இருந்தெல்லாம் அங்கத்தவர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். கிழமைக்கு இரண்டுதரம் வந்து கையிலிருக்கும் புத்தகத்துக்கே திரும்பத் திகதி குத்திக்கொண்டு போனார்கள். ஒக்ரோபரில் அறுநூறு இரவல். மிஸ் எங்களுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தார்.

புத்தகம் திரும்பி வரவில்லை என்பதை அந்தச் சந்தோஷத்தில் அவரும் கவனிக்கவில்லை.

நவம்பரில் சபைக் கந்தோரிலிருந்து அலவி என்ற அதிகாரி பார்வையிட வந்தார். நல்ல மனுஷன். அறுநூறு என்ற இலக்கத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். பிறகு அலுமாரிகளைப் பார்த்தார். ஒரு பழைய தொலைபேசிப் புத்தகமும் கரப்பான் பூச்சிகளும் இருந்தன.

"மிஸ், பொத்தகம் எங்க?"

"வாசகர்கள்ட்ட."

"எல்லாமா? பொத்தகம் இல்லாத லைப்ரரி ஒண்டுக்கு நான் எப்பிடி மிஸ் காசு கேக்கிறது? அடுத்த வெள்ளி திரும்ப வாறன். அலுமாரி நிறைஞ்சிருந்தா எழுதித் தாறன், மூட மாட்டாங்க."

மிஸ் ஒவ்வொரு லொட்ஜாக ஏறி இறங்கினார். எங்கள் அறை வாசலிலும் வந்து நின்றார். படியேறிய மூச்சு வாங்கியது. "வெள்ளிக்கிழம ஒரு நாளைக்கு மட்டும் கொண்டாந்து வைங்க தம்பி. சனிக்கிழம திருப்பித் தாறேன்." நாங்கள் ஓம் ஓம் என்றோம். நான் மனதாரத்தான் சொன்னேன்.

புதன்கிழமை நகரில் குண்டு வெடித்தது. வியாழன் முழுக்கச் சுற்றிவளைப்பு. வெள்ளிக்கிழமை புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி நடக்க ஒருவனுக்கும் துணிவு வரவில்லை. மற்றவன் கொடுப்பான், என்னுடைய இரண்டு புத்தகத்தாலா அலுமாரி நிறையப்போகிறது என்று ஒவ்வொருவனும் நினைத்தோம். நானும் நினைத்தேன். அன்று முழுக்க மிஸ் மேசையில் காத்திருந்தாராம். வந்தது ஏழு புத்தகம்.

ஜனவரியில் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். மிஸ்ஸைச் சந்தைக் கக்கூஸில் டிக்கற் கொடுக்க அனுப்பினார்கள். நான் அந்தப் பக்கம் போவதை விட்டேன். அவசரம் வந்தாலும் அடக்கிக்கொண்டு நடந்தேன்.

பெப்ரவரியில் என்னைப் பிடித்தார்கள். இந்தமுறை பொலிஸ்காரனுக்கு மாட்டு வைத்தியத்தில் மரியாதை இல்லை. இரண்டு நாள் பொலிஸ் நிலையத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் காலை மிஸ் வந்தார். சிவபாதசுந்தரம் சந்தைக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு பூசைக்குப் போடுகிற நீலக் கவுணும் குதிச் சப்பாத்தும் போட்டு, பொறுப்பதிகாரிக்கு முன்னால் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். இவன் என்னுடைய வாசகன், பிணை வைத்தது நான், தவணை கடந்த புத்தகம் இவனிடம் இருக்கிறது, அதைத் தராமல் இவனை எங்கேயும் போக விடமாட்டேன் என்று சிங்களத்தில் வெளுத்து வாங்கினார். அந்த ஆள் சிரித்துவிட்டான். மிஸ் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வாசலுக்கு வெளியே நின்று கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வாசிச்சீங்களா தம்பி?"

"இல்லை மிஸ்."

"ஒரு பக்கமாவது சரி?"

"இல்லை."

அவர் பின்மட்டையைத் திறந்தார். முத்திரை கந்தோருக்குப் போய்விட்டது. பையிலிருந்து பேனையை எடுத்து, சரியாக இரண்டு கிழமை தள்ளி ஒரு திகதி எழுதி, புத்தகத்தை என் கையில் வைத்தார்.

"சந்தியில செக்பொயின்ற் இருக்கு. கக்கத்துல வச்சுக்கிட்டு நடங்க."