வஞ்சிரத்துக்கு யார் போட்ட மார்க்?

இன்று ஞாயிறு காலை, ஆழ்வார்பேட்டையில் ஏசி போட்ட ஒரு மீன் கடை. வஞ்சிரம் பாக்கெட்டின் மேல் பச்சை ஸ்டிக்கர்: ‘கடலைக் காக்கும் மீன்’.

அந்தப் பச்சையைச் சும்மா ஒட்டிவிடக் கூடாது. இந்த மீன் கடலில் போதுமான அளவு மிச்சம் இருக்கிறதா, எப்படிப் பிடித்தார்கள், குஞ்சுகளும் சேர்ந்து மாட்டினவா என்றெல்லாம் பார்த்துத்தான் தர வேண்டும். அதனால் கேட்டேன்.

“இது எந்தக் கடல் மீனுங்க? தூண்டிலா, வலையா?”

கவுண்டரில் இருந்தவர், “ஃப்ரெஷ் மீன் மேடம். கண்ண மூடிக்கினு வாங்கலாம்” என்றார்.

“அப்ப இந்தப் பச்சைய யார் குடுத்தா?”

“நாங்கதான் மேடம். எல்லா பாக்கெட்லயும் ஒட்டிடுவோம்.”

பத்தாவதில் என் கணக்குப் பேப்பரை நானே திருத்தியிருந்தால் இன்று நான் எங்கேயோ இருந்திருப்பேன்.

பின்னால் நின்ற பெரியவர், “ஏம்மா, மீன் வாங்க வந்தியா, சம்பந்தம் பேச வந்தியா?” என்றார்.

நான் நகரவில்லை. “தெரிஞ்சாதான் வாங்குவேன்” என்றேன்.

கவுண்டர்காரர் என்னையே பார்த்தார். பிறகு பாக்கெட்டை எடுத்து, நகத்தால் ஸ்டிக்கரைப் பிய்த்துக் குப்பையில் போட்டார்.

“இந்தாங்க. இப்ப ஓகேவா?”

வாங்கவில்லை. வறுவலுக்குக் காத்திருந்த கணவருக்கு மதியம் முட்டைக் குழம்பு. அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறும் அதே கடைக்குப் போவேன், அதே கேள்வியைக் கேட்பேன். நீங்களும் உங்கள் கடையில் கேட்டுவிட்டு, என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள்.

நான் ஒருத்தி கேட்டால் ஸ்டிக்கரைத்தான் பிய்க்கிறார்கள்.