அவருக்குப் பிடித்ததைக் கொண்டுவாருங்கள்

என் கணவருக்கு என்ன இசை பிடிக்கும் என்று அந்த ஜெர்மன் தாதி கேட்டாள். இருபது வருசத்துக்கு மேல் ஒன்றாகக் குடும்பம் நடத்தியவள் நான். கறிக்கு எவ்வளவு உறைப்பு வேண்டும், குளிர் தொடங்கினால் எந்தத் தோள் நோகும், எந்தச் சேர்ட்டின் கழுத்து அவருக்குக் கடிக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். இது மட்டும் தெரியவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருசங்கள் ஆகியிருந்தன. எசன் நகரத்து வைத்தியசாலை ஒன்றில் அவர் கிடந்தார். வேலை செய்த உணவகத்துக் குசினியில், வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையின் இடது பக்கத்தில் இரத்தக் கசிவு. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயின. சத்திரசிகிச்சைக்குப் பிறகு கண்ணைத் திறந்தார். ஆனால் அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டார். நல்ல கையைப் பிடித்தால் திருப்பிப் பிடிக்கமாட்டார்.

வைத்தியர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். அவராக நினைத்துச் செய்கிற ஒரு சின்ன அசைவாவது தெரியவேண்டும். தெரிந்தால் ‘ரேஹா’வில், அதாவது நடக்கவும் பேசவும் திரும்பப் பழக்குகிற மருத்துவமனையில், ஓர் இடம் கேட்கலாம். தெரியாவிட்டால் பராமரிப்பு இல்லம்தான். அப்படிப்பட்ட ஓர் இல்லத்தின் சமையலறையில்தான் நான் வேலை செய்தேன். அந்த அறைகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளிக்கொண்டு போனவள். கூரையைப் பார்த்தபடி வருசக்கணக்காகக் கிடக்கிற ஆட்களுக்குக் கரண்டியால் கூழ் ஊட்டுவதைக் கண்டவள். அந்தக் கட்டிலில் இவரை வைத்து நினைக்க என்னால் முடியவில்லை.

தாதி நல்ல பிள்ளை. “சொல் அவருக்கு இப்போது வெறும் இரைச்சலாகப் படலாம். அதனால் பாட்டு வேண்டாம். சொல் இல்லாத இசையாகப் பார்த்து, அவருக்குப் பிடித்ததைக் கொண்டுவாருங்கள். சிலர் அதற்கு அசைவார்கள்” என்றாள்.

நான் யோசித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் நின்ற மச்சாள் முந்திக்கொண்டாள். என் கணவரின் தமக்கை அவள். அவளும் எசனில்தான் இருந்தாள்.

“இதென்ன கேள்வி? நாதஸ்வரம்தானே! தம்பி இல்லாமல் இஞ்சை ஒரு கலியாணம் நடந்ததோ?”

அதுவும் உண்மைதான். எங்கள் ஆட்களின் கலியாணங்கள் வாடகை மண்டபத்தில் நடக்கும். மேளக்காரரைக் கூப்பிட வசதியில்லாதவர்கள் நாதஸ்வர சிடியைப் போட்டுச் சமாளிப்பார்கள். ஐயர் விரலை ஆட்டியதும் கெட்டிமேளம் முழங்கவேண்டும். தாலி ஏறியதும் நிற்கவேண்டும். அந்தப் பொத்தானை அமத்துகிற ஆள் என் கணவர். பட்டுவேட்டியோடு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், ஐயரின் கையை விட்டுக் கண்ணெடுக்காமல், வியர்த்து வழிய நிற்பார். ஒரு சபையில் ஐயர் மூக்கைச் சொறியக் கை தூக்க, இவர் அவசரப்பட்டு மேளத்தை முழங்கவிட்டார். சனம் முழுக்க அறுகரிசியை எறிந்து முடித்துவிட்டது, தாலியோ இன்னும் தட்டில் கிடந்தது. அந்த வருசம் முழுக்க அவரைக் கண்ட இடமெல்லாம் அதைச் சொல்லிப் பகிடி பண்ணினார்கள். இவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் மச்சாள் அந்த சிடியையே கொண்டுவந்தாள். சிறிய பிளேயரில் போட்டு, காதுக்குள் செருகுகிற இயர்போனை நான் அவருக்கு மாட்டிவிட்டேன். மெதுவாகத் தொடங்கிய நாதஸ்வரம் எங்களுக்கும் லேசாகக் கேட்டது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு தவில் வேகம் பிடித்துக் கெட்டிமேளம் முழங்கியதும் தலைமாட்டில் இருந்த இயந்திரம் கத்தத் தொடங்கியது. நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனது. மச்சாளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

“பாத்தீரே! தம்பிக்குக் கேக்குது! தம்பிக்குப் பிடிச்சிருக்கு!”

தாதி ஓடிவந்து சிடியை நிறுத்தினாள். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. கை கால் எதுவும் அசையவில்லை. அது அவராக நினைத்துச் செய்தது இல்லை, உடல் பதறியது மட்டும்தான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எனக்கோ அந்த வியர்வையைக் கண்டதும் விளங்கிவிட்டது. பிடித்தமும் மண்ணாங்கட்டியும். பொத்தானைத் தவறவிட்டுவிடுவேனோ என்று மண்டபத்தில் வியர்க்கிற அதே வியர்வை. வீட்டில் ஒருநாளும் அவர் நாதஸ்வரம் போட்டதில்லை. ஒரு மனிதனின் வேலையைக் கொண்டுவந்து நோயாளிக் கட்டிலில் வைத்திருக்கிறோம், சீ!

பிறகு வயலின் சிடி ஒன்று தேடிப்பிடித்தேன். அதைக் கேட்டதும் மச்சாள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“உமக்கென்ன விசரே? றேடியோவிலை மரண அறிவித்தலுக்குப் போடுறதெல்லோ உது! உயிரோடை கிடக்கிற மனிசனுக்கு உதைப் போடுறீர்?”

அவள் சொன்னதிலும் பிழையில்லை. சொல் இல்லாத இசை என்று எங்கள் வீடுகளுக்குள் வந்தது இரண்டே இரண்டுதான். ஒன்று கலியாணத்துக்கு, மற்றது சாவுக்கு. வானொலியில் திடீரென்று பாட்டு நின்று வீணையோ வயலினோ தனியாக இழுக்கத் தொடங்கினால் ஊரில் என்னவோ நடந்துவிட்டது என்று கை வேலையைப் போட்டுவிட்டு நிற்போம். மற்றபடி எங்கள் வீட்டில் கேட்டதெல்லாம் சொல்தான். காலையில் தேவாரம், பின்னேரம் சினிமாப் பாட்டு, இடையில் இயக்கத்தின் போராட்டப் பாட்டு. எல்லாவற்றையும் அவரே போடுவார், அவரே நிறுத்துவார். எனக்கு என்ன பிடிக்கும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் நகர நூலகத்துக்குப் போனேன். அங்கே இசைத்தட்டுகளுக்கென்று ஒரு தளமே இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதிரையில் இருந்து எதையும் கேட்கலாம். இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்தபின், வைத்தியசாலைக்குப் போவதற்கு முன், சமையல் மணம் வீசுகிற உடுப்போடு அங்கே போய் இருப்பேன். அவருக்குத் தேடத்தான் போனேன். ஆனால் அவருக்கு எது பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் காதுதானே என்னிடம் இருந்தது?

பியானோ எனக்குச் சரிவரவில்லை. ஒவ்வொரு சுரமும் விழுந்த உடனேயே செத்துப்போகிறது. அடுத்தது அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடுகிறது. புல்லாங்குழல் கெஞ்சுகிறது. கெஞ்சுகிற ஆட்களையே எனக்குப் பிடிக்காது, பிறகு வாத்தியம் வேறா? ட்ரம்பெட் அதிகாரம் பண்ணியது. நூறு பேர் சேர்ந்து வாசிக்கிற பெரிய இசைக்குழு, பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பதுபோல இருந்தது. இத்தனை திட்டமான அபிப்பிராயங்கள் எனக்குள் இருந்திருக்கின்றன என்பதே எனக்குப் புதினமாக இருந்தது.

செல்லோவைக் கண்டது அதன் அட்டைப் படத்தால்தான். ஒரு கிழவர் ஆள் உயர வயலின் மாதிரி ஒன்றை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பல்லுக்குத்து வந்தவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். போட்டுப் பார்த்தேன். முதலில் ஒலியே இல்லை. வில் கம்பியில் படுகிற சின்ன உராய்வும், அவர் மூச்சு இழுப்பதும் கேட்டன. பிறகு ஒரே ஒரு தடித்த ஒலி, அடியில் இருந்து. என் நெஞ்செலும்பில் அது அதிர்ந்தது.

பக்கவாத்தியம் கிடையாது, தாளம் கிடையாது, அவசரமும் கிடையாது. எங்கள் வயலின்போல அது வளைந்து குழைந்து வரவில்லை. ஒரு சுரத்தில் போய் நின்றால் நின்றதுதான். மேலே ஏறும்போது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. திரும்ப அடித்தட்டுக்கு இறங்கி வரும் வரைக்கும் காத்திருப்பேன். அந்த நாட்களில் கண்டவர் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எல்லாம் சரிவரும், கடவுள் இருக்கிறார், மனதைத் தளரவிடாதையுங்கோ. இந்த வாத்தியம் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. நிலைமை மோசம்தான் என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் இருந்தது. நூலகம் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெர்மன்காரரிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

அந்தத் தட்டை இரவல் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனேன். மச்சாள் ஒரு காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, “மாடு கத்துற மாதிரிக் கிடக்கு” என்றாள்.

“கத்தட்டும், நீங்கள் சும்மா இருங்கோ” என்றேன். அவளிடம் நான் அப்படிக் கதைப்பதில்லை.

அவருடைய இடது காதில் மாட்டினேன். வலது காதுக்குரியதை நான் மாட்டிக்கொண்டு கட்டிலோரம் இருந்தேன். ஒரே கம்பியில் இரண்டு பேரும் கேட்டோம். இந்த இசை அவருக்குள் இறங்காமல் போகாது என்று நான் சத்தியமாக நம்பினேன். எனக்குள் இறங்கியதே!

கொஞ்ச நேரத்தில் அவர் புருவம் சுருங்கியது. இடது கை போர்வையின்மேல் ஊர்ந்தது. தாடை வரைக்கும் வந்து, தடவித் தடவி, வயரைப் பிடித்தது. ஒரே இழுவை. காதில் இருந்தது கழன்று என் மடியில் விழுந்தது.

நான் தாதியைக் கூப்பிட்ட கூப்பாட்டில் பக்கத்து அறைக்காரரும் எழுந்திருப்பார். அவள் வந்து தானே திரும்ப மாட்டினாள். அவர் திரும்பவும் கழற்றினார். இந்த முறை முகத்தையும் மற்றப் பக்கம் திருப்பினார். “பிராவோ!” என்று அவள் கைதட்டினாள். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு என் கையைக் குலுக்கினார். இதுதான் அவர் தேடிய அசைவு. மனிதர் தனக்கு வேண்டாததைத் தெரிந்து விலக்குகிறார்.

“ஐயோ, என்ரை தம்பி! என்ரை ராசா!” என்று மச்சாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் சிரித்துக்கொண்டே அழுதேன். எனக்குப் பிடித்த ஒன்றை என் மனிசன் பிடிக்கவில்லை என்று வீசியதற்காக அப்படிச் சந்தோசப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ரேஹாவில் இடம் கிடைத்தது. போகிற நாளும் குறித்தாயிற்று. அவருக்குப் புது பிஜாமா வாங்கி, துவைத்து, மடித்து வைத்திருந்தேன். அதற்குள் சளிக் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. திரும்பவும் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை. ஒரு காலையில், மழை பெய்துகொண்டிருக்க, நானும் மச்சாளும் பக்கத்தில் இருக்க, அவர் போய்விட்டார்.

ஈமச்சடங்கு நிறுவனத்துக்காரர் வீட்டுக்கு வந்து கறுப்புக் கோட்டோடு எங்கள் சோபாவில் இருந்தார். தகனசாலையில் என்ன இசை வேண்டும் என்று கேட்டார். ஓர்கனும் இருக்கிறது, செல்லோவும் இருக்கிறது என்றார்.

மச்சாள் என்னைப் பார்த்தாள். “நீர் கேக்கிறதையே போடச் சொல்லுமன். ஆஸ்பத்திரியிலை நீர் அதோடைதானே இருந்தனீர்” என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள்.

“வேண்டாம் மச்சாள். அவருக்கு அது பிடிக்காது.”

“அது உமக்கு எப்பிடித் தெரியும்?”

“அவர்தான் சொன்னவர்.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தகனசாலையில் எங்கள் ஆட்கள் தேவாரம் பாடினார்கள். அதுவே போதுமாக இருந்தது.

எனக்கு இப்போதும் செல்லோதான். அடித்தட்டில், தனியாக, மெதுவாக. ஸ்பீக்கரில் பெரிதாகவே போடுகிறேன், வீடு முழுக்கக் கேட்கிறது. நிறுத்தச் சொல்ல ஆளில்லை. “உந்தச் சனியனை நிப்பாட்டும்” என்று அவர் ஒருநாளாவது உள்ளே வந்து கத்தவேண்டும். “ஏலாது, எனக்குப் பிடிச்சிருக்கு” என்று நானும் விடாமல் கத்தவேண்டும். எங்கள் கலியாண வாழ்க்கையில் நாங்கள் பிடிக்காமல் விட்ட சண்டை அது. அந்த ஒரு சண்டைக்காக இன்றைக்கும் நான் ஏங்கிச் சாகிறேன்.