பண்ருட்டிக் கடையில் மாட்டிய என் சர்டிபிகேட்

கனடாவில் பார்மசிஸ்ட் வேலை பார்க்க வேண்டுமென்றால், நீ பார்மசிஸ்ட்தானா என்று முதலில் நிரூபிக்க வேண்டும். சிதம்பரத்தில் நாலு வருஷம் பி.பார்ம் படித்து, அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்ட்டரில் ஒன்பது வருஷம் நின்று, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்கிறார்களே, என்ன செய்ய. வீட்டுக்காரர் ரெண்டு வருஷத்துக்கு முன்பே டொரன்டோ போய்விட்டார். நானும் மகளும் கடலூரில். நான் லைசென்ஸ் வாங்கினால்தான் மூணு பேரும் ஒரே வீட்டில் இருக்க முடியும். அதை மகளும் தெரிந்துவைத்திருந்தாள். "உன் பரீட்சை எப்பம்மா முடியும்?" என்று தினமும் உயிரை வாங்குவாள்.

ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்தேன். மார்க் ஷீட்டை உறையில் போட்டு, ஒட்டின இடத்தின் மேல் சீல் வைத்து, கல்லூரியே நேரே அனுப்ப வேண்டுமாம். என் கையில் கொடுத்தால் செல்லாதாம். நாலு தடவை ஆபீசுக்கு நடந்தேன். ஐந்தாவது தடவை போட்ட சத்தத்தில் அன்றைக்கே சீல் விழுந்துவிட்டது. கனடா பரீட்சைக்குப் பஸ்ஸில் படித்தேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ஒரு மணி நேரமும் மடியில் புத்தகம்தான். பாஸ் ஆன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கடிதம். இவர் எங்களிடம் பதிவு செய்தவர், இவர் மேல் எந்தப் புகாரும் இல்லை என்று நம்ம ஊர் பார்மசி கவுன்சில் எழுதி அனுப்ப வேண்டும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று இருந்தேன். சீட்டு இல்லாமல் யாருக்கும் ஒரு மாத்திரை கொடுத்தவள் இல்லை நான். ஆஸ்பத்திரி முதலாளியின் தம்பியையே தூக்க மாத்திரை கேட்டதற்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் மேல் யார் புகார் கொடுப்பார்கள்?

கவுன்சிலிலிருந்து போன் வந்தது. "உங்க பேர்ல ஒரு விசாரணை நிக்குதும்மா. பண்ருட்டி மெடிக்கல் ஷாப்ல. அது முடியற வரைக்கும் லெட்டர் தர முடியாது."

"சார், நான் பண்ருட்டியில வேலையே பாத்ததில்ல. வேற யாரோ."

"உங்க பேரு, உங்க ரிஜிஸ்டர் நம்பர். பத்து வருஷமா அங்க பார்மசிஸ்ட் நீங்கதாம்மா."

தூக்கிவாரிப் போட்டது. போனை வைத்த பிறகுதான் மாமா ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்தில் இது சர்வ சாதாரணம். மெடிக்கல் ஷாப் திறக்க ஒரு பார்மசிஸ்ட் வேண்டும். அவர் கடையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவருடைய சர்டிபிகேட் சுவரில் இருந்தால் போதும் என்பது வழக்கம். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருடைய சர்டிபிகேட் அவர்கள் கால் வைக்காத ஊரில்தான் தொங்குகிறது. நான் படித்து முடித்த வருஷம் அம்மாவின் தம்பி பண்ருட்டியில் கடை போட்டார். "வெளியாளுகிட்ட ஏன் கேக்கணும், நம்ம பொண்ணே இருக்கும்போது," என்றாள் அம்மா. மாமா சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் கல்யாணம், குழந்தை, வேலை. அதைச் சுத்தமாக மறந்தே போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

போன் போட்டுக் கூப்பிட்டதும் மாமா அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். "ஏன் மாமா, விசாரணைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உனக்கு எதுக்கும்மா டென்ஷன், பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தியேன்னுதான் சொல்லல. ஏதோ ஒரு பில்லுல பிரச்னை. நான் எல்லாம் பேசி வச்சிருக்கேன். நான் டெய்லி கடைக்குப் போறவ, அன்னிக்கு மட்டும் லீவு, எனக்குத் தெரியாம கடை ஆளு மருந்து குடுத்துட்டாருன்னு எழுதிக் குடுத்துடு. வார்னிங்கோட முடிச்சிருவாங்க. உனக்கு லெட்டர் வந்துரும், எனக்குக் கடை நிக்கும்."

"வரவே இல்லன்னு உண்மைய எழுதினா?"

"எழுதினா சர்டிபிகேட்ட வாடகைக்கு விட்டேன்னு ஆயிடும். உன் பதிவையே எடுத்துருவாங்க. கனடாவ மறந்துட வேண்டியதுதான்."

ஒரே வரிப் பொய். ஊரே சொல்கிற பொய். எழுதிவிடுவது என்று முடிவு செய்துதான் மறுநாள் மாமாவோடு கடலூரில் மருந்து இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனேன். மறைக்க என்ன இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் என்னைவிடச் சின்னப் பெண். மாமாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஒரு கட்டு பில்லை என் முன்னால் வைத்தாள். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. எனக்குப் பிரசவம் ஆன நாளில் கூட நான் பண்ருட்டியில் இருமல் மருந்து விற்றிருக்கிறேன். அடப்பாவி மாமா! "இது நான் போட்டதில்ல," என்று வாய் வரை வந்ததை முழுங்கினேன்.

"எந்த பில்லுல மேடம் பிரச்னை?" என்றேன்.

"பில்லே போடாம குடுத்த மருந்துலதான் பிரச்னை," என்றாள். ஒரு புகார் மனுவை நகர்த்தினாள். "படிங்க. படிச்சிட்டு எழுதுங்க."

அண்ணாகிராமம் பக்கத்துப் பெண், வயது இருபத்து நாலு. யாரோ எழுதிக் கொடுத்து அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது. கைக்குழந்தை இருக்கிறது, இப்போது இன்னொன்று வேண்டாம் என்று கடைக்குப் போயிருக்கிறாள். ஆம்பளையிடம் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போக இருந்தவள், சுவரில் ஒரு பெண்ணின் பேரும் போட்டோவும் இருப்பதைப் பார்த்து நின்றிருக்கிறாள். அந்த அக்கா இல்லையா என்று கேட்டிருக்கிறாள். சாப்பிடப் போயிருக்காங்க, அவங்க குடுக்கச் சொன்ன மாத்திரைதான் இது என்று கடை ஆள் கொடுத்திருக்கிறான். மூணாம் நாள் ரத்தம் நிற்கவில்லை என்று வந்து மறுபடி அந்த அக்காவைக் கேட்டிருக்கிறாள். வெளியே போயிருக்காங்க என்றிருக்கிறான். ஆறாம் நாள் மாமியார் தோளில் சாய்ந்துகொண்டு வந்திருக்கிறாள். அப்போதும் அக்கா இல்லை. ஏழாம் நாள் ஆஸ்பத்திரியில் கருப்பையை எடுத்துவிட்டார்கள்.

அந்த மாத்திரையை டாக்டர் பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்பதும், ரத்தம் நிற்காவிட்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அவள் என்னிடம் வந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

"நீங்க அன்னிக்கு அங்க இருந்திருந்தா குடுத்திருப்பீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"மாட்டேன் மேடம். சத்தியமா மாட்டேன்."

அவள் பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

அந்தக் கடைக்கு நான் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை, சர்டிபிகேட்டைத் தெரிந்தேதான் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாமா வெளியே எழுந்து நின்று, "முடிஞ்சுதாம்மா?" என்றார். உள்ளதைச் சொன்னேன். படிக்கட்டிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கடைக்குப் பூட்டு போட்டார்கள். என் பதிவை நிறுத்திவைத்தார்கள். மாமா என்னோடு பேசுவதில்லை. அம்மா பேசுகிறாள், பேசினால் அழுகிறாள். வீட்டுக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு வரிதானே... எங்கள நெனச்சுப் பாத்தியா?" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

"மூணு தடவ என்னைத் தேடி வந்திருக்குங்க அந்தப் பொண்ணு," என்றேன்.