போன ஞாயிற்றுக்கிழமையின் தண்ணீர்

குணா அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி, செவ்வாய்க்கிழமை காலை செபராங் ஜெயாவில் நான் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது வந்தது. நம் 'ஆற்றுக் கூட்டாளிகள்' வாட்ஸ்அப் குழுவில் அண்ணி போட்டிருந்தார். மூன்று வருடமாகப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த குழு. ஏன் அப்படிக் கிடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வாரமெல்லாம் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர் அண்ணன்; ஞாயிறானால் நிபோங் திபாலுக்கு வந்து கிரியான் ஆற்றில் போட்டை இறக்கிவிடுவார். லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றிலும் நம் பெயரை மார்க்கரால் எழுதி வைத்திருந்தார். நான் போடாமல் நின்றால், "ஆத்துக்கு உன் டிகிரி தெரியாது தம்பி, போடு லா" என்பார்.

போட்டை ஓட்டுவது அவர். கடலோடு சேர்ந்து ஆற்றுத் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று அட்டவணை பார்த்துச் சொல்வது நான். "ரெண்டு பேரும் பாத்தா, ரெண்டு பேருமே பாக்கலன்னு அர்த்தம்" என்பது அவர் கட்சி.

மூன்று வருடத்துக்கு முன் அந்த ஞாயிறு நீங்கள் எட்டுப் பேர் வந்திருந்தீர்கள், பிள்ளைகளோடு. மூன்று மணிக்குத் தண்ணீர் நிறைந்திருக்கும் என்று சொல்லியிருந்தேன். கடலை நெருங்கும் இடத்தில் அண்ணன் எஞ்சினைக் குறைத்தார். "தம்பி, தண்ணி எறங்குற மாதிரி இருக்கே. நல்லா பாத்தியா?"

"ஏறும் அண்ணே, நீங்க போங்க" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பத்து நிமிடத்தில் போட்டு சேற்றில் உட்கார்ந்தது. தண்ணீர் திரும்பி வரும்வரை, வெயில் சாயும்வரை, கொசுக்கடியில் கிடந்தோம். பிள்ளைகள் அழுதார்கள். நான் மெதுவாக அட்டவணையைப் பிரித்தேன். போன ஞாயிற்றுக்கிழமையின் வரியைப் பார்த்துத் தொலைத்திருக்கிறேன். ஒரு வாரம் தள்ளினால் ஏற்றமும் வற்றலும் தலைகீழ். ஆற்றில் போகிறவர்களுக்கு இது அரிச்சுவடி.

என் மச்சான்தான் முதலில் கத்தினான். "தண்ணி பாக்கத் தெரியாதவரு பிள்ளைங்கள எதுக்கு ஏத்துறாரு?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "என் தப்புதான் லா. மன்னிச்சிக்குங்க."

நானா? வாயில் கொழுக்கட்டை.

அதற்குப் பிறகு நீங்கள் யாரும் அவர் போட்டில் ஏறவில்லை. நானும்தான். "போவோமா தம்பி?" என்று ஞாயிறுதோறும் போன் செய்வார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஒரு வாரம் கோயில், ஒரு வாரம் கல்யாணம் என்று புளுகினேன். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். பாவி நான், அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாவு வீட்டில் அண்ணியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். "வீட்டுக்கு வந்ததும் அட்டவணையத்தான் தம்பி எடுத்துப் பாத்தாரு. நீங்க போன வாரத்தப் பாத்துட்டீங்கன்னு அப்பவே சொல்லிட்டாரு. 'அவனே வந்து சொல்லுவான், நீ ஒண்ணும் கேக்காதே'ன்னாரு."

பிறகு உள்ளே போய் என் லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வெயிலில் மங்கிப்போயிருந்த என் பெயரின் மேல் அண்ணன் மறுபடியும் எழுதியிருக்கிறார்.

அது இப்போது என்னிடம் இருக்கிறது. மச்சான் உட்பட எட்டுப் பேரும் கேட்டுக்கொள்ளுங்கள்: அன்று போட்டைச் சேற்றில் ஏற்றியவன் நான். இதை அவர் காதில் சொல்ல எனக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.